பூஜையில் உட்கார்ந்த கிட்டார்

என் முட்டாள்தனங்களைத் தரம் பிரித்து அடுக்கச் சொன்னால், மேல் தட்டில் வைக்க வேண்டியது இதுதான்: ஆயுத பூஜை அன்று மதியம் மேடையில் வாசிக்க வேண்டிய கிட்டாரை, அன்று காலையில் நானே தூக்கிக்கொண்டுபோய் ஆயுத பூஜையில் வைத்தேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கக்கூட இல்லை. "ஏழுமலை அண்ணா, இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க" என்று எங்கள் ஃபோர்மேனிடம் இந்த வாயால்தான் சொன்னேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிறவரை தொடக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய்ச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் மற்றவர்களின் புத்தகங்கள் ஏறுகிற அழகை ரசித்தவன் நான். அந்த விவரமெல்லாம் அன்று காலை எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கிற கம்பெனி ஒன்றில் எனக்குத் தரச் சோதனை வேலை. அதாவது, அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். என்னையே ஒருவர் சோதித்திருந்தால், கழிவுகளைப் போடுகிற சிவப்புத் தொட்டிக்கு நேராக அனுப்பியிருப்பார்.

அன்று தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பைப் பார்த்திருக்க வேண்டும். தரையைச் சோடா போட்டுக் கழுவியிருந்தார்கள். வருஷம் முழுக்க மூக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வாடை போய், சாமந்தியும் கற்பூரமும் மணந்தன. பெரிய பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஃபோர்க்லிஃப்ட் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஸ்பேனர், சுத்தியல், அரம், என்னுடைய அளவுக் கருவிகள் எல்லாம் மேசை மேல் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. ஆபீஸிலிருந்து மடிக்கணினிகள்கூட வந்திருந்தன.

அவற்றுக்கு நடுவே, சிவப்புத் துணி மேல், என் பழைய பேஸ் கிட்டார். தலையில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம்.

பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. நாலு கோணத்தில் படம் எடுத்தேன். பழைய கிட்டார்ப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் உடனே போட்டேன். இதயக் குறிகள் வந்து விழுந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் டிரம்மர் சீனு வந்து கேட்டான்.

"நைனா, பேஸு எங்க?"

"தோ, அங்க."

"அங்க இன்னா பண்ணுது?"

"பூஜைல ஒக்காந்துக்கினு கீது."

சீனு என்னைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"மூணு மணிக்கு வாசிக்கணுமே நைனா. அப்ப அது எந்திரிச்சி வருமா?"

ஸ்கிராப் என்றால் என்ன?

சென்ற வாரம், எங்கள் வண்டி மேல் எழுதியிருந்த குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி வாசலில் எங்களை எடைமேடைக்கு அனுப்பி, டிரம் செட்டோடு சேர்த்து எடை போட்ட கதையை எழுதியிருந்தேன். படித்த வாசகி ஒருவர், "உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் ராக் குழுவின் பெயர் 'ஸ்கிராப்'. மூன்று பேர். சீனு டிரம்ஸ், எங்கள் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஆரம்பாக்கத்துக்காரன், பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், மீதி சத்தம். தேவா பேஸ் கிட்டார், அதாவது பாட்டை அடியில் தாங்குகிற தடித்த சத்தம்; பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். நான் கிட்டாரும் பாட்டும். பாட்டு என்று நான் சொல்கிறேன். என் மனைவி வசந்தி அதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். பத்திரிகையில் போட முடியாது.

பெயர் வந்த கதை இதுதான். எங்கள் பேட்டையில் இருக்கும் உருக்காலைகளுக்கு ஸ்கிராப், அதாவது வெளிநாட்டுப் பழைய இரும்பு, லாரி லாரியாக வரும். ஒரு தடவை அந்தக் குவியலில், நசுங்கிய சைக்கிள்களுக்கும் குளிர்பதனப் பெட்டிக் கதவுகளுக்கும் நடுவே, கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பழைய ஆம்ப் ஒன்றின் எலும்புக்கூடு தலைநீட்டியது. வால்வு ஆம்ப். அதாவது, சின்னக் கண்ணாடிக் குப்பிகள் சூடாகி, ஆரஞ்சு நிறத்தில் கனன்று, பிறகுதான் சத்தம் தருகிற பழங்காலத்து வகை. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருந்தது. கண்ணாடிக் குப்பிகள் மட்டும்தான் இல்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. பெட்டிக்கு நல்ல மரம் வேண்டியிருந்தது. வசந்தியின் பழைய அலமாரிக்கு ஒரு கதவு அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை என்பது பெட்டி செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்த ஆம்பை முதன்முதலில் போட்ட அந்தி இருக்கிறதே! சுவிட்சைத் தட்டியதும் ஒன்றும் நடக்காது. காத்திருக்க வேண்டும். மெல்ல ஒரு வெளிச்சம் ஊறும். சூடேறிய தூசியின் வாசனை வரும். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு 'ம்ம்ம்'. அந்த 'ம்ம்ம்' என்னைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது இன்னும் விடவில்லை.

"இதே சவுண்டு போன்ல ஒரு ஆப் போட்டா வருது நைனா" என்பான் சீனு.

"ஆப்புல சூடு வருமா?"

"போன் சூடாவும்."

இவனோடு வாதாடி ஜெயித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சுவரில் ஒரு மாப்பிள்ளை

ஆம்பில் தொடங்கிய வியாதி கிட்டாருக்குப் பரவியது. திருநின்றவூரில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பரண்மேல் இருந்து இறங்கியது அந்தப் பேஸ் கிட்டார். ஜப்பானில் செய்தது. தலையில் இருந்த பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப்போகக் கருஞ்சிவப்பு. பதமாக முறுகிய தோசை மாதிரி ஒரு நிறம். மற்ற பேஸ் கிட்டார்களைவிடக் கழுத்து குட்டை. அந்தக் காலத்தில் புதிதாகப் பழகுகிறவர்களுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாது. இதை நான் வாங்கும்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். ஏ.சி. காற்று நேராக அதன் மேல் படும்படி. வெயிலில் மரம் வளையுமாம். வந்தவர்கள் எல்லாரும் பார்க்கலாம்; தொடக் கூடாது. பழைய பொருளில் ஒரு கீறல் இருந்தால் அது சரித்திரம். புதுக் கீறல் விழுந்தால் அது கொலை. எங்கள் வாட்ஸப் குழுவின் வேதம் இது.

வசந்தி அதற்கு 'பெரிய ஊட்டு மாப்ள' என்று பெயர் வைத்தாள். "மாப்ளைக்கு ஏ.சி. போட்டாச்சா? அப்ப நாம விசிறிக்கலாம்" என்பாள். மின்சாரக் கட்டணம் வருகிற வாரம் மாப்பிள்ளைக்கு வேறு மரியாதைகள் நடக்கும்.

தேவாவின் கை

இனிமேல் கொஞ்சம் சிரிக்காமல் எழுத வேண்டும். முயற்சி செய்கிறேன்.

இந்தக் கிட்டார்க் கூத்துக்கு முந்தைய வருஷத்து ஆயுத பூஜை. காலையில் பூஜை முடிந்து, பொரி வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிட்டோம். மதியம் அவசர ஆர்டர் ஒன்று இருக்கிறது என்று பெரிய பிரஸ்ஸை ஓட்டினார்கள். பொட்டு காய்வதற்கு முன்னால் மெஷின் அடிக்கத் தொடங்கியது. ஃபோர்மேன் ஏழுமலை அண்ணன் வாசலில் நின்று சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, அதே பிரஸ்ஸில், தேவாவின் இடது கை மாட்டியது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு நின்றுவிட்டன.

கை உள்ளே இருந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. அது வேலை செய்யவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிரஸ் ஷாப்பில் அதை யாரும் பேசுவதில்லை. "பூஜை போட்ட மெஷின ஓட்னாங்க இல்ல, அதான்" என்பார்கள். கம்பெனியைக் கோபித்துக்கொள்வதைவிட அம்மனை நம்புவது சுலபம். சம்பளம் நிற்காது.

தேவாவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. இதை யோசித்து முடிவு செய்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

அவன் எங்கள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். கவரைப்பேட்டையில் சீனுவின் மாமாவுக்குச் சொந்தமான, பூட்டிக் கிடக்கிற அரிசி ஆலையில்தான் வாசித்துப் பழகுவோம். பேஸ் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் வாசித்தால், கீழே தரை இல்லாத வீடு மாதிரி இருக்கும். சீனு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "வேற ஆளப் பாக்கலாமா?" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. தரையில்லாத வீட்டிலேயே குடியிருந்தோம்.

தேவாவின் சொந்தப் பேஸ் நீளக் கழுத்துக்காரன். மிச்சமிருக்கும் இரண்டு விரலால் அதன் கழுத்தில் சுரம் பிடிக்கிற ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு எட்டவில்லை. முயன்று பார்த்திருக்கிறான். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு அதை மச்சினன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். இதெல்லாம் சுமதி சொல்லித்தான் தெரியும். சுமதி, தேவாவின் மனைவி. பழவேற்காட்டுக் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் ஏரியில் மீன் பிடிப்பவர்கள். பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிறு காலை இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுமதி பை நிறைய ஏரி நண்டு கொண்டுவந்திருந்தாள். நண்டைப் பார்த்ததும் வசந்தி அடுப்படிக்குப் போனாள். நான் டீ போடப் போனேன்.

பால் பொங்குகிற நேரத்தில், கூடத்திலிருந்து ஒரு சத்தம். தடிப்பான, வட்டமான ஒற்றை ஒலி.

என் மாப்பிள்ளையை எவனோ தொட்டுவிட்டான்.

வாயைத் திறந்துகொண்டே ஓடினேன். 'தொடாத' என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தேவா சோபா ஓரத்தில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்திருந்தான். ஆள்காட்டி விரலால் ஒரு கட்டை, நடுவிரலால் அடுத்த கட்டை. கழுத்து குட்டை என்பதால் எட்டியது. மறுபடி. மறுபடி. தன் கையை, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாயை மூடினேன். அத்தோடு விட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். "வேர்வை பட்டா தொடச்சிடு மச்சான்" என்றேன்.

சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நண்டு சாப்பிடும்போதும் இருந்தது.

கிளம்பும்போது தேவா கேட்டான். "ஆயுத பூஜைக்கு நம்மள வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு இருந்தாங்க இல்ல? ஒத்துக்கோ. இத ஒரு நாள் குடு."

"அங்கியா? அந்த ஷாப்புலயா?"

"அங்கதான். அங்க எவனும் என் மூஞ்சப் பாத்துப் பேசறதில்ல மச்சி. கையுற வாங்க வர்றவன்லாம் கையத்தான் பாக்கறான். பாக்கட்டும். வேலை செய்யற கையப் பாக்கட்டும்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அரிசி ஆலையில் மூன்று பேர். எனக்குப் பயம். கொஞ்சம் தேவாவுக்காக, கொஞ்சம் ஆலைத் தூசி பட்டு மாப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று. எது அதிகம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மறுபடி பூஜைக்கு

ஆக, மூன்று மணிக் கச்சேரிக்குக் கிட்டார் இல்லை. அது பத்தடி தூரத்தில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நைசாகக் கை நீட்டிப் பார்த்தேன்.

"தொடாத" என்றார் ஏழுமலை அண்ணன். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னால்தான் பயம்.

"அண்ணா, ஒரு மணி நேரம். வாசிச்சிட்டுத் திரும்பக் கொண்டாந்து வெச்சிடறேன்."

"போன வருஷமும் இப்டித்தான் சொன்னாங்க. 'ஒரு மணி நேரம், ஏழுமல. ரெண்டு லோடு அடிச்சிட்டு நிறுத்திடலாம்.' நான் வாசல்ல நின்னுக்கினு கத்தனேன். எவன் கேட்டான்?"

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெல்டிங் பையன்கள், கேன்டீன் அக்காக்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். அவர் சொன்னதை மறுக்க அங்கே ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அவர் வீம்புக்காக என்னைத் தடுக்கவும் இல்லை. தேவாவின் கையைத் துணியில் சுற்றி, அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோனவரே அவர்தான்.

"வேற ஏதாச்சும் பேஸு இரவல் வாங்கலாம்" என்றான் சீனு.

"எட்டாதுடா அவனுக்கு."

"நாளைக்கு வாசிக்கலாம்?"

"நாளைக்கு லீவு. செவுத்துக்கா வாசிக்கப் போற?"

அப்போது தேவா வந்தான். புதுச் சட்டை, சவரம் செய்த முகம். கூட்டத்தைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக்கடித்துச் சமாளித்திருப்பேன். அவன், "சரி வுடு" என்றான். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். விபத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. அரிசி ஆலையில் கொஞ்ச நாளாக அதை மறந்திருந்தான். ஸ்டோர்ஸ் பக்கம் நடந்துபோய், தன்னுடைய அந்த ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்தான்.

நான் மேடைக்குப் போய் ஆம்பைப் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணாடிக் குப்பிகள் வழக்கம்போல நிதானமாகச் சிவந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த 'ம்ம்ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வு யாருக்கு?

சுமதி பொரிப் பையோடு வந்தாள்.

"இன்னாண்ணா, அவரு அங்க ஒக்காந்துக்கினு கீறாரு?"

சொன்னேன். பாதி சொல்வதற்குள் பையை என் கையில் திணித்துவிட்டு நேராகப் பூஜை மேசைக்குப் போனாள். நான் பொரியோடு பின்னால் ஓடினேன்.

"அண்ணா, பூஜைல வெச்சத ஏன் தொடக் கூடாது?" என்று ஏழுமலை அண்ணனைக் கேட்டாள்.

"வருஷம் பூரா ஒழைக்குதும்மா. ஒரு நாளு ஓய்வு குடுக்கணும். போன வருஷம் குடுக்கல. அதான் உன் ஊட்டுக்காரன் கையி..." அவர் நிறுத்திக்கொண்டார்.

யாரோ ஒரு குழந்தை பொரி மெல்லுகிற சத்தம் கேட்டது.

"கை போனது சென்சாரு வேலை செய்யாததால" என்றாள் சுமதி. "உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோ, இங்க நிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். அத இன்னிக்கிப் பேச வேணாம், நல்ல நாளு. இத மட்டும் சொல்லுங்க. அந்த கிட்டாரு இன்னா ஒழைச்சிது?"

"இன்னாம்மா கேக்கற?"

"இந்தண்ணன் ஊட்டு செவுத்துல தொங்கிக்கினு இருந்திச்சி. ஏ.சி.ல. நாங்க ஒரு நாளு போயி, என் ஊட்டுக்காரரு தொட்டாரு. அதுக்கு இந்தண்ணன் வேர்வைய தொடைக்கச் சொன்னாரு. அன்னியிலருந்து ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வெளிய வருது. மத்த நாளெல்லாம் லீவுதான். நீங்க இன்னும் ஒரு நாளு லீவு குடுக்கறீங்க."

வெல்டிங் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சீனு தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. துரோகி.

ஏழுமலை அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நெஜமாவா? வாங்கிவெச்சி வாசிக்கவே மாட்டியா?"

"எனக்கு பேஸு வாசிக்கத் தெரியாதுண்ணா."

"பின்ன எதுக்கு வாங்கன?"

"பழசுண்ணா அது. ரொம்பப் பழசு. ஒரிஜினல்."

"செரி, பூஜைல எதுக்கு வெச்ச?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். பக்தி என்று சொல்லியிருக்கலாம். பொரிப் பை கையில் இருக்கும்போது எனக்குப் பொய் வருவதில்லை.

"போட்டோ எடுக்கண்ணா."

இந்தத் தடவை கேன்டீன் அக்காக்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. மேசை முன்னால் நின்று, ரொம்ப நேரம் அந்தக் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் பூஜையைக் காப்பாற்ற முடியாமல் போன மனிதர். இந்த வருஷம் ஒரு ஸ்பேனரைக்கூட நகர்த்தவிடாமல் காலையிலிருந்து காவல் நிற்கிறவர். அவரிடம் போய் ஒன்றை எடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சுமதிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"வேலை செய்யாதது ஆயுதம் இல்ல" என்றார் கடைசியில். "அது பொம்ம. பொம்மைக்கு ஏது பூஜை? எடுத்துக்கினு போம்மா."

அவரே ஒரு கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். மல்லிகைச் சரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டாரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

என் பொக்கிஷம், இத்தனை பேர் நடுவில் பொம்மை ஆனது. தரச் சோதனைக்காரனுக்கு ஒரு சரியான சோதனையைப் பார்த்தால் தெரியும்.

வேலை செய்கிற கை

சுமதி கிட்டாரைப் படிக்குக் கொண்டுபோனாள். என்ன பேசினாள் என்று என் காதில் விழவில்லை. தேவா தலையாட்டி மறுத்தான். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அவன் ஏழுமலை அண்ணனைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தார்.

பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது.

முதல் பாட்டு எங்கள் சொந்தப் பாட்டு. காலை ரயிலைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றியது. தொடக்கமே பேஸ்தான். அத்தனை கண்ணும் அவன் இடது கை மேல். குழந்தைகள்கூட. முதல் வரியில் விரல் வழுக்கி ஒரு கட்டை தள்ளி விழுந்தது. கழுத்தில் மல்லிகைச் சரத்தின் ஈரம் இன்னும் இருந்தது. சீனு ஒன்றும் நடக்காத மாதிரி அதே தாளத்தை இன்னொரு சுற்று சுற்றினான். தேவா மறுபடி பிடித்தான். இந்த முறை நழுவவில்லை.

அந்தப் பழைய தந்திகள் பளபளவென்று ஒலிக்காது. கம்பளிக்குள் சுற்றிய இடி மாதிரி இருக்கும். என் ஆம்ப் அதை வாங்கிச் சூடாக்கிக் கொடுத்தது. பெரிய பிரஸ்ஸின் மேல் சாத்தியிருந்த மாலை அந்த அதிர்வில் ஆடியதைப் பார்த்தேன்.

நான் நடுவில் ஒரு தனி வாசிப்பு வாசிக்க வேண்டும். மேலே பார்த்துக்கொண்டிருந்ததில் தப்பான இடத்தில் தொடங்கி, தப்பான இடத்தில் முடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவதில் வெல்டிங் பையன்கள். கேன்டீன் அக்கா ஒருத்தி தூணில் சாய்ந்துகொண்டு காலால் தாளம் போட்டாள். முன்வரிசையில் ஒருவர், தேவாவிடம் மாதா மாதம் கையுறை வாங்குகிறவர், அவன் முகத்தைப் பார்த்து, "இன்னொண்ணு போடு தேவா" என்று கத்தினார்.

எந்த இடத்தில் அவர்கள் அந்தக் கையைப் பார்ப்பதை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் நிறுத்தியிருந்தேன்.

ஏழுமலை அண்ணன் கடைசிவரை பூஜை மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார், காவலாக. மற்ற ஆயுதங்கள் இருக்கின்றனவே. ஆனால் சுமதி கொடுத்த பொரியை வாங்கித் தின்றார்.

சாமான் ஏற்றும்போது

வெயில் தாழ்ந்தது. சீனு டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் ஆம்ப் ஆறுவதற்காகக் காத்திருந்தேன். தேவா மேடை விளிம்பில் உட்கார்ந்து, கிட்டாரின் தலையில் இருந்த குங்குமத்தை வேட்டி நுனியால் துடைப்பதா வேண்டாமா என்பது போல் பார்த்துவிட்டு, துடைக்காமல் விட்டான். அவன் அன்று போட்டிருந்தது பேன்ட் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எனக்குத்தான் கண் மங்கியிருந்தது.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரிய மனுஷனாக நடந்துகொள்ளலாம் என்று தோன்றியது. வாட்ஸப் குழு என்ன சொல்லும், சுவரில் அந்த இடம் எப்படி வெறிச்சென்று இருக்கும் என்றெல்லாம் மனசு கூவியது. அதன் வாயைப் பொத்தினேன். கிட்டப் போய்ச் சொன்னேன்.

"தேவா, இது என் ஊட்ல இருந்தா பொம்மதான். நீயே வெச்சிக்கோ. எடுத்துக்கினு போ. இனிமே இது உன்னுது."

சொல்லிவிட்டு நின்றேன். அவன் கண் கலங்கலாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம். கட்டிக்கொள்ள வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். சீனு குச்சிகளை உறையில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

தேவா தலை நிமிரவில்லை. அடித் தந்தியை ஒரு தடவை மெல்லச் சுண்டி, காதைக் கொடுத்து, முறுக்காணியைக் கால் சுற்றுத் திருப்பினான்.

"கிட்டாரு வெக்கிற பொட்டி எங்க?" என்றான்.